சுவரை உடைத்து வழி விட்ட பிறகு: எந்தக் குறைக்கு என்ன காரணம், எப்படிச் சரிசெய்வது

சுவரை உடைப்பது ஒரு நாள் வேலை. உடைத்த தடம் தெரியாமல் ஆக்குவதுதான் வாரக்கணக்கில் இழுக்கும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இரண்டு அறைகளுக்கு நடுவே வழி விட்டதும், அதுவரை நேர் வெளிச்சம் மட்டுமே பட்ட சுவரில் பக்கவாட்டில் வெளிச்சம் விழத் தொடங்கும். பூச்சில் உள்ள மேடு, பள்ளம், கரணை போன தடம் எல்லாவற்றையும் நீங்கள் உடைத்த அந்தத் திறப்பே காட்டிக்கொடுத்துவிடும்.

குறை கண்ணில் பட்டதும் எல்லோருடைய கையும் பட்டி (பெயின்டுக்கு முன் சுவரை வழவழப்பாக்கும் புட்டி) டப்பாவுக்குத்தான் போகிறது. என் கையும் போயிருக்கிறது. ஒரே விரிசலுக்கு மூன்று முறை பட்டி வைத்தேன். மூன்று முறையும் அதே இடத்தில் வாயைத் திறந்தது. அப்புறம்தான் உறைத்தது: விரிசல் தெரிவது பூச்சில், அசைவது அதற்குப் பின்னால். அதனால் கீழே ஒவ்வொரு குறைக்கும் முதலில் பின்னால் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மருந்துக்கு வருகிறேன்.

பார்ப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். ஒரு நாணயம், பென்சில், டார்ச், ரசமட்டம், தூக்குக் குண்டு, ஒரு பழைய ஸ்க்ரூடிரைவர் போதும். சுவர் செங்கல், பூச்சு சிமென்ட் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஜிப்சம் பலகைத் தடுப்பு என்றால் இதில் பாதி பொருந்தாது.

மேல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசல்

திறப்பின் மேல் மூலையில் தொடங்கி, கல் இணைப்பு வழியே படிக்கட்டு மாதிரி ஏறுகிறதா? பட்டியைக் கீழே வையுங்கள். இது பூச்சுக் குறை அல்ல.

செங்கல் சுவரில் ஓட்டை விட்டால், மேலே உள்ள கற்கள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து ஒரு வளைவு போல நின்றுகொள்ளும். அந்த வளைவுக்கு உள்ளே அடங்கும் முக்கோணத்துக் கல் மட்டும், திறப்பின் தலையில் குறுக்கே கிடக்கும் விட்டமான லிண்டல் மேல் நேராக உட்காரும். மற்ற பாரமெல்லாம் இரண்டு பக்கத்துக்கும் ஒதுங்கி இறங்கும். முன்பு சுவர் முழுக்கப் பரவியிருந்த பாரம் இப்போது திறப்பின் இரு ஓரத்திலும் சேர்ந்து இறங்குகிறது. அங்கே லிண்டலின் முனை சரியாக உட்காரவில்லை என்றால் அது ஒரு நூல் இறங்கும். மூலையில் விரிசல் ஏறும்.

மூன்றைப் பாருங்கள். ஒன்று, லிண்டல் இரு பக்கமும் சுவருக்குள் எவ்வளவு போயிருக்கிறது. குறைந்தது 6 அங்குலம், அதாவது 150 மி.மீ. வேண்டும், அகலமான திறப்பு என்றால் அதற்கு மேல். லிண்டலின் நீளம் தெரிந்தால் திறப்பின் அகலத்தைக் கழித்துப் பாதியாக்கிப் பாருங்கள். தெரியாவிட்டால் முனையில் பூச்சைக் கொத்திப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. இரண்டு, லிண்டல் உட்காரும் கல். சம்மட்டியால் உடைத்த சுவரில் ஓரத்துக் கற்கள் பார்வைக்கு முழுசாக இருக்கும், கையால் அசைத்தால் ஆடும். ஆடும் கல் மேல் லிண்டலை வைத்துவிட்டு மேலே எவ்வளவு அழகாகப் பூசினாலும் நிற்காது. மூன்று, லிண்டலை அங்கேயே பலகை அடித்து கான்கிரீட் போட்டிருந்தால், அடியில் தாங்கிய முட்டுக்கட்டையை எப்போது எடுத்தார்கள் என்று கேளுங்கள். 14 நாள் நிற்க வேண்டிய முட்டுக்கட்டையை அவசரத்துக்கு மூன்றாம் நாளே உருவியிருந்தால், காரணம் தேடி வேறெங்கும் போக வேண்டாம்.

அடுத்து, விரிசல் சுவரின் மறுபக்கத்திலும் அதே இடத்தில் இருக்கிறதா என்று அடுத்த அறைக்குள் போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் என்றால் பூச்சோடு முடிந்திருக்க வாய்ப்பு உண்டு. இரு பக்கமும் என்றால் கல்லே பிளந்திருக்கிறது.

விரிசல் இன்னும் நடக்கிறதா, நின்றுவிட்டதா என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். அதன் நுனியில் பென்சிலால் ஒரு குறுக்குக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். நடுவில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸால் ஒரு பொட்டு வையுங்கள். சுவர் அசைந்தால் பொட்டு வெடிக்கும். நான்கு வாரம் பொட்டு வெடிக்காமல், நுனியும் கோட்டைத் தாண்டாமல் இருந்தால் சுவர் உட்கார்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு, அடுத்தடுத்த பகுதிகளில் சொல்லும் முறையில் அடைக்கலாம். பொட்டு வெடித்தாலோ, விரிசல் 5 மி.மீ. அளவுக்கு வாய் திறந்திருந்தாலோ, மேல் மாடியில் கதவு திடீரென்று பிடிக்க ஆரம்பித்தாலோ கை வைக்காதீர்கள். லிண்டலுக்கு அடியில் பலகை கொடுத்து முட்டு நிறுத்திவிட்டு, கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். முட்டின் காலை வெறும் டைல்ஸ் மேல் நிறுத்த வேண்டாம். கீழேயும் ஒரு கனமான பலகை வேண்டும்.

லிண்டலுக்கு மேலே படுக்கைவாட்டில் ஒரு கோடு

ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி, லிண்டலின் நீளத்துக்கு நேராக ஓடும். லிண்டலைச் செருகிய பிறகு அதற்கும் மேல் வரிசைக் கல்லுக்கும் நடுவே இருந்த சந்தை இறுக்கி அடைக்காததுதான் காரணம். லிண்டல் வெறுமனே இருக்கிறது. மேலே உள்ள கல் வரிசை மெல்ல இறங்கி அதன் மேல் வந்து உட்காரப் பார்க்கிறது.

ஒரு முறை இப்படிப்பட்ட கோட்டில் ஸ்க்ரூடிரைவரை நுழைத்துப் பார்த்தேன். பிடி வரைக்கும் போய்விட்டது. பூச்சைக் கொத்தினால் உள்ளே கலவையே இல்லை. சிமென்ட் மூட்டைச் சாக்கைச் சுருட்டித் திணித்து, மேலே அரை அங்குலம் பூசி மூடியிருந்தார்கள். வெளியிலிருந்து பார்க்க வழவழவென்று ரொம்ப நேர்த்தியான பூச்சு. அதைப் பூசிய கைக்கு வேலை தெரியாமல் இல்லை என்பதுதான் எரிச்சல்.

சரிசெய்ய, கோட்டின் நீளத்துக்குப் பூச்சை எடுத்து, சந்தில் உள்ள குப்பையை எல்லாம் வழித்து, தூசியை ஊதித் தள்ளி, தண்ணீர் தெளித்து ஈரமாக்குங்கள். லிண்டலுக்கு அடியில் முட்டு இருக்கட்டும். சிமென்ட் ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. தண்ணீர் மிகக் குறைவு. பதம் பார்க்கக் கலவையைக் கையில் அள்ளி இறுக்கிப் பிடியுங்கள். உருண்டையாக நிற்க வேண்டும், உள்ளங்கை நனையக் கூடாது. நனைந்தால் தண்ணீர் அதிகம். அது காயும்போது சுருங்கி, அடைத்த சந்து மறுபடி திறக்கும். சுவரின் மறுபக்கத்தில் ஒருவர் பலகையை அணைத்துப் பிடிக்க, இந்தப் பக்கமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திணித்து, சந்துக்குள் நுழையும் கட்டையை வைத்துச் சுத்தியலால் தட்டி இறுக்க வேண்டும். முதலில் மொத்தென்று கேட்கும் சத்தம் கெட்டியாக மாறும், அதுவரை தட்டுங்கள். சந்து ஓர் அங்குலத்துக்கு மேல் இருந்தால் கடப்பாக் கல் துண்டையோ கெட்டியான ஓட்டுத் துண்டையோ கலவையோடு சேர்த்து ஆப்பு மாதிரி இறுக்குங்கள். மரத்துண்டு வேண்டாம், காய்ந்தால் சுருங்கும். ஒரு வாரம் கழித்து முட்டுக்கட்டையை எடுக்கலாம்.

பழைய பூச்சும் புதுப் பூச்சும் சேரும் இடத்தில் விரிசல்

இந்த வேலையில் எல்லோரும் சந்திக்கும் குறை இதுதான். பழைய பூச்சு எப்போதோ சுருங்கி முடித்துவிட்டது. புதுசு இனிமேல்தான் சுருங்கப் போகிறது. இரண்டும் முட்டும் இடத்தில் ஒன்று இழுக்க, மற்றது நகராமல் நிற்க, நடுவில் கோடு விழுகிறது. அதைக் குறைக்கலாம், மறைக்கலாம். முழுசாக இல்லாமல் செய்வது கஷ்டம்.

நகம் கூட நுழையாத மயிரிழைக் கோடு என்றால் பிரிப்பு வேலை தேவையில்லை. பட்டித் தகட்டின் முனையால் கோட்டை ஐந்தாறு மி.மீ. அகலத்துக்கு ஆங்கில வி எழுத்து வடிவில் கீறி, தூசியைத் துடைத்து, அக்ரிலிக் விரிசல் நிரப்பியை அழுத்தி இறக்குங்கள். காய்ந்ததும் மேலே கண்ணாடி இழை வலை நாடாவை ஒட்டி, பட்டி இழுங்கள். நாடா இல்லாமல் வெறும் பட்டி வைத்தால், அடுத்த கோடையில் மறுபடி பார்க்கலாம்.

கோடு அகலமாக இருந்தாலோ, பழைய பூச்சின் ஓரம் விரலால் தொட்டால் மாவாக உதிர்ந்தாலோ, கோட்டின் இருபுறமும் ஆறு அங்குலம் அளவுக்குக் கல் தெரியும்வரை பூச்சை எடுக்க வேண்டும். ஓரத்தைச் சுத்தியலால் தட்டி உடைக்காதீர்கள். கிரைண்டரில் நேர்க்கோடாக அறுத்துவிட்டு உளியால் எடுங்கள். சுத்தியலால் தட்டினால் நல்லாயிருந்த பக்கத்துப் பூச்சும் கல்லை விட்டுப் பிரிந்துவிடும், கேடு இன்னும் ஓர் அடி பரவும். அறுத்த இடத்தில் துத்தநாகம் பூசிய கோழி வலையை, கல் சந்துகளில் ஆணி அடித்து, தளர்வில்லாமல் இழுத்துப் பொருத்துங்கள். லிண்டலும் செங்கலும் சேரும் கோட்டிலும் இதே வலை கட்டாயம். கான்கிரீட்டும் செங்கலும் வெயிலுக்கும் ஈரத்துக்கும் ஒரே அளவில் விரிந்து சுருங்குவதில்லை. வலை அந்தக் கோட்டைத் தாண்டி இரு பக்கமும் நான்கு அங்குலத்துக்குக் குறையாமல் போக வேண்டும்.

கலவை விஷயத்தில் ஒரு பழக்கத்தை விட வேண்டும். ஒட்டுப்போடும் இடம்தானே, உறுதியாக இருக்கட்டும் என்று சிமென்டை அள்ளிப் போடுகிறார்கள். சிமென்ட் கூடினால் சுருக்கமும் கூடும். உள்சுவருக்கு ஒரு பங்கு சிமென்டுக்கு ஐந்து பங்கு மணல் போதும், ஆறு பங்கும் தாங்கும். பழைய வீட்டில் சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். கெட்டியான சிமென்ட் ஒட்டு, பக்கத்தில் உள்ள மெத்தென்ற சுண்ணாம்பைப் பிய்த்துக்கொண்டு வரும். அங்கே சுண்ணாம்புக் கலவையாலேயே ஒட்டுப்போடுவது நல்லது.

தட்டினால் பொக்குச் சத்தம்

நாணயத்தின் விளிம்பால் சுவரைத் தட்டிக்கொண்டே போங்கள். பிடித்திருக்கும் இடம் கெட்டியாக டக் என்னும்; பிடிக்காத இடம் காலிப் பானையைத் தட்டின மாதிரி இருக்கும். பொக்கின் எல்லையைப் பென்சிலால் வளைத்துக் குறித்தால் காரணமும் சேர்ந்தே தெரியும். அந்த வட்டம் லிண்டலின் முகத்தோடு பொருந்தினால், வழவழப்பான கான்கிரீட்டைக் கொத்துவிடாமல் அப்படியே பூசியிருக்கிறார்கள். திறப்பின் உள்முகம் முழுக்கப் பொக்கு என்றால், உடைத்த தூசியைத் தட்டாமல் அதன் மேலேயே பூசியிருக்கிறார்கள். அங்கங்கே திட்டுத் திட்டாக என்றால் காய்ந்த செங்கல் கலவையின் தண்ணீரைக் குடித்துவிட்டது. சிமென்ட் இறுகத் தண்ணீர் மிஞ்சவில்லை.

உள்ளங்கை அளவு, மேலே விரிசல் இல்லை, அழுத்தினால் அசையவில்லை என்றால் நான் அதைத் தொடுவதில்லை. கிண்டப் போனால் ஓர் அடியாகும். அதற்கு மேல் பெரியது, அல்லது தலைக்கு மேலே லிண்டலின் அடிப்பக்கத்தில் இருப்பது, அளவு எதுவானாலும் எடுத்துவிடுவதுதான் சரி. விழுந்தால் தலையில் விழும்.

மறுபடி பூசுமுன் கான்கிரீட் முகத்தில் உளியால் நெருக்கமாகக் கொத்துவிட்டு, செங்கலைத் துடைப்பத்தால் தேய்த்து, முந்தைய நாளே நன்றாக நனையுங்கள். பூசுவதற்கு அரை மணி நேரம் முன்பு ஒரு தெளிப்பு. கல் ஈரமாக இருக்க வேண்டும், மேலே தண்ணீர் மினுங்கக் கூடாது. சிமென்ட் பால் (தண்ணீரில் கரைத்த சிமென்ட்) அடித்தால் அது காய்வதற்குள் பூச்சு ஏறிவிட வேண்டும். பால் காய்ந்த பிறகு பூசினால், அது இல்லாமலே இருந்திருக்கலாம்.

வலை பின்னின மாதிரி மயிரிழை விரிசல்கள்

சிமென்ட் அதிகம், அல்லது மேலே சிமென்ட் தூளைத் தூவி வழவழவென்று தேய்த்தது, அல்லது ஈரப் பூச்சுக்கு மின்விசிறியைப் போட்டது. பொக்கு இல்லை என்றால் பயமில்லை. நன்றாகக் காயவிட்டு இரண்டு கை, அதாவது இரண்டு தடவை, பட்டி இழுத்தால் போதும். அடுத்த முறை பூச்சு காய்ந்துவிடாமல் ஏழு நாளாவது தண்ணீர் காட்டுங்கள். ஜிப்சம் பூச்சுக்கு மட்டும் தண்ணீர் காட்டக் கூடாது.

பூசப் பூசக் கலவை தொங்கி இறங்குகிறது

உடைந்த கல்லின் பள்ளத்தையும் பூச்சையும் ஒரே கையில் நிரப்பப் பார்க்கிறீர்கள். ஒரு கைக்கு 12 மி.மீ., மிஞ்சினால் 15. அதற்கு மேல் கனம் ஏற்றினால் தன் பாரத்திலேயே தொங்கும், காய்ந்தால் பிளக்கும். ஆழமான இடத்தில் முதலில் செங்கல் துண்டைக் கலவையோடு வைத்து அடைத்து, மேலே கரணை முனையால் கீறல் போட்டு, மறுநாள் வந்து மேல் பூச்சு போடுங்கள்.

திறப்பின் ஓரம் கோணல், கதவு நிலை உட்கார மறுக்கிறது

அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் அளந்து, பிறகு மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு அளவு எடுங்கள். குறுக்களவு இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் திறப்பு சதுரம். அகலம் மூன்று இடத்திலும் ஒன்றாக இருந்தும் குறுக்களவு மாறினால் திறப்பு மொத்தமாக ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. பூச்சை ஓர் ஓரத்தில் மட்டும் திருத்தினால் தீராது.

ஓரத்தைக் கண்ணளவில் பூச வேண்டாம். சுவரின் இரு முகத்திலும் நேரான ரீப்பர் கட்டையைத் தூக்குப் பார்த்து ஆணி அடித்து, அதன் விளிம்பையே மட்டமாக வைத்து நடுவில் பூசுங்கள். கலவை இறுகத் தொடங்கியதும் கட்டையைக் கழற்றினால் கூர்மையான மூலை கிடைக்கும். ஆட்கள் உரசிப் போகும் வழி என்றால் மூலையில் உலோகப் பட்டையை உள்ளே வைத்துப் பூசுங்கள். சும்மா விட்ட சிமென்ட் மூலையில் முதல் நாற்காலி இடித்ததுமே பிசிறு போகும்.

பழைய சுவரே தூக்கில் இல்லை என்றால் என்ன செய்வது? நிலையைத் தூக்குப் பிரகாரம் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் கதவு தானாகத் திறந்து மூடும். கதவே இல்லாத வெறும் வழி என்றால் நான் சுவரோடுதான் போவேன். கண் தூக்குக் குண்டைப் பார்ப்பதில்லை. பக்கத்தில் உள்ள ஓரத்தோடுதான் ஒப்பிடும்.

நிலையை ஒட்டிச் சந்து விழுந்திருந்தால் அதைச் சிமென்டால் அடைக்காதீர்கள். மரம் பருவத்துக்குப் பருவம் ஊதிச் சுருங்கும். பெயின்ட் ஏறக்கூடிய அக்ரிலிக் சீலண்ட் போதும். சிலிக்கான் வேண்டாம், அதன் மேல் பெயின்ட் நிற்காது.

விளக்கு எரியவில்லை, பிளக்கில் கரண்ட் வரவில்லை

உடைத்த சுவருக்குள் ஒயர் குழாய் போயிருந்திருக்கிறது. அறுந்த ஒயரை முறுக்கி டேப் சுற்றிப் பூச்சுக்குள் புதைக்கும் வேலையை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, இணைப்பு வருமிடத்தில் திறக்கக்கூடிய பெட்டி வைக்கச் சொல்லுங்கள். பூச்சு அதற்கு அப்புறம்தான்.

தரையில் தடம், அதை ஒட்டி ஈரம்

சுவர் நின்ற இடத்தில் தரையில் ஒரு வாய்க்கால் மாதிரி இருக்கும். பழைய கல்லைத் தரை மட்டத்துக்கு உடைத்துவிட்டு மேலே டைல்ஸ் ஒட்டினால் அந்த வரிசை மட்டும் புடைக்கும். டைல்ஸும் அதன் அடிக் கலவையும் அடங்கும்படி ஓர் அங்குலம் ஒன்றரை அங்குலம் கீழே வெட்டி எடுத்த பிறகே நிரப்புங்கள். தரைத் தளம் என்றால் மிச்சமிருக்கும் சுவரின் அடிக்கல் வழியே மண்ணின் ஈரம் ஏறலாம். நிரப்புமுன் அதன் தலையில் நீர்க்காப்புப் பூச்சு அடிப்பது நல்லது. இரண்டு அறைத் தரையும் அரை அங்குலம் வித்தியாசப்பட்டால் மறைக்கப் பார்க்காமல், நடுவில் ஒரு கிரானைட் பட்டையை லேசான சாய்வில் வைத்துவிடுங்கள். தெரியாத சின்னப் படிதான் காலைத் தடுக்கும்.

வெள்ளைப் பொடி, பழுப்புக் கறை

வெள்ளையாகப் பொடி பூத்தால் உப்பு. பூச்சிலிருந்து ஈரம் வெளியேறும்போது கல்லிலும் மணலிலும் உள்ள உப்பை இழுத்து வந்து மேலே விட்டுப் போகிறது. உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய், காய்ந்ததும் திரும்ப வரும். பூப்பது நின்ற பிறகே பிரைமர். மாதக்கணக்காக நிற்கவில்லை என்றால் எங்கோ தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது, குழாயைச் சோதியுங்கள். பழுப்புக் கறை துரு: உள்ளே துருப்பிடிக்கும் ஆணியோ வலையோ இருக்கிறது. அந்த இடத்தைத் திறந்து ஆணியை எடுங்கள், எடுக்க முடியாததைத் தேய்த்துத் துருத்தடுப்பு பிரைமர் அடியுங்கள். பெயின்டால் மறைத்த துரு மழைக்காலத்தில் வந்து நிற்கும்.

பெயின்ட் அடித்தும் ஒட்டுப்போட்ட இடம் தெரிகிறது

அறையை இருட்டாக்கி டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து அடியுங்கள். நிழல் விழுந்தால் மேடு பள்ளம். நிழல் இல்லாமல் நிறமோ பளபளப்போ மட்டும் மாறினால் உறிஞ்சுவதில் வித்தியாசம்.

மேடு என்றால் பட்டியை ஒட்டின் விளிம்பிலேயே நிறுத்தியிருப்பீர்கள். அதைத் தாண்டி ஓர் அடி வரைக்கும் கனத்தைக் குறைத்துக்கொண்டே இழுத்து, பழைய சுவரில் கரைந்துபோக வேண்டும். ஒரு கைக்கு ஒன்றரை மி.மீ.க்கு மேல் வேண்டாம். உறிஞ்சும் வித்தியாசம் என்றால் ஒட்டில் மட்டும் பிரைமர் அடித்துவிட்டு நிறுத்தியிருக்கலாம், அல்லது பூச்சு காயுமுன் அடித்திருக்கலாம். புது சிமென்டின் காரம் பெயின்டை வெளிற வைக்கும், பொரிய வைக்கும். 28 நாள் பொறுத்துவிட்டு, காரம் தாங்கும் பிரைமரைச் சுவர் முழுவதற்கும் அடியுங்கள்.

மிச்சமிருந்த பழைய டப்பா பெயின்டில் ஒட்டை மட்டும் தொட்டுவிடலாம் என்ற ஆசை வரும். அதே நிறம், அதே நம்பர் என்றாலும் சுவரில் ஏற்கெனவே இருப்பது வெயிலும் புகையும் பட்ட நிறம். மூலையிலிருந்து மூலை வரை ஒரு முழுச் சுவரை ஒரே மூச்சில், ஓரம் காயாமல், அடித்து முடியுங்கள். நிறம் கொஞ்சம் மாறினாலும் அது மூலைக்குப் போய்விடும். அங்கே ஏற்கெனவே நிழல் இருக்கிறது.